நல்ல ரிசல்ட் வந்தும் பங்கு விழுந்தது ஏன்? கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்கு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். நான் கடலூர், மஞ்சக்குப்பம். நம் ஊர்ப் பங்குகளில் நான்கைந்து வருடமாகச் சில்லறையாகப் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன வருடம்தான் ஒரு ஆப் வழியாக அமெரிக்கப் பங்கும் வாங்க ஆரம்பித்தேன், இப்போது ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்டேன். கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் அந்த பிராண்ட் லேப்டாப் நல்லதா கெட்டதா என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

வாங்கிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்க வேண்டாம். அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சென்னை போயிருந்தோம். மாலில் அந்தக் கம்பெனி ஷோரூமில் நிற்க இடமில்லை, பில் போடும் இடத்தில் வரிசை வாசல் வரை. பையன் இந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருக்கிறான், அவனும் வகுப்பில் பாதிப் பேர் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான். சரி, விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறது, காலாண்டு ரிசல்ட் (மூன்று மாத விற்பனை, லாபக் கணக்கு) வருவதற்குள் ஏறிவிட வேண்டும் என்று ரூ. 80,000 போட்டேன்.

ரிசல்ட் நம் நேரத்துக்கு இரவு 2 மணிக்கு. அலாரம் வைத்து எழுந்தேன். விற்பனை போன வருடத்தைவிடக் கூடுதல், லாபம் கூடுதல், கடை விற்பனை இதுவரை இல்லாத அளவு என்று முதல் பத்தியிலேயே போட்டிருந்தார்கள். சந்தை மூடிய பிறகு நடக்கும் வியாபாரத்தில் விலை மேலே போனது. வீட்டுக்காரியை எழுப்பிச் சொன்னேன், காலையில் சொல்லுங்கள் என்று திரும்பிப் படுத்துவிட்டாள். நானும் 2.20க்கெல்லாம் சந்தோஷமாகத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் விலை தலைகீழ். மாலை 7 மணிக்கு அமெரிக்கச் சந்தை திறந்ததும் இன்னும் இறங்கி, என் 80,000 இப்போது 73,000 சொச்சமாக நிற்கிறது.

செய்தியில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பிறகு எதற்கு விழுகிறது? யாராவது விளையாடுகிறார்களா? விற்கலாமா வைத்திருக்கலாமா? அந்தப் பணத்துக்குப் பையனுக்கு லேப்டாப்பே வாங்கியிருக்கலாமே என்று வீட்டில் இரண்டு நாளாக ஒரே பாட்டு.

---

பாண்டிப்புயல்:

பெரிய கைகள் வேலைதான் அண்ணே, வேறென்ன. நம்மை மாதிரி ஆட்கள் உள்ளே வந்ததும் அவர்கள் வெளியே போய்விடுவார்கள். நான் எது வாங்கினாலும் மறுநாள் விழும், அதனால் நான் எதை வாங்கப்போகிறேன் என்று என் நண்பர்கள் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

---

முந்திரிக்காடு:

விளையாட்டு எதுவும் இல்லை தம்பி. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு விடுவதைப் பார்த்திருப்பீர்கள், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதுதான் பிழைப்பு. தை மாதம் பூ இறங்கியிருக்கும்போதே வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து, இந்தத் தோப்பில் முப்பது மூட்டை கொட்டை இறங்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு ஒரு தொகையைப் பேசி முடிப்பார். சித்திரையில் கொட்டை பொறுக்கும்போது இருபத்தைந்து மூட்டை வருகிறது. போன வருடம் அதே தோப்பில் இருபதுதான் வந்தது, அதனால் ஊரெல்லாம் இந்த வருடம் நல்ல விளைச்சல் என்றுதான் பேசும். குத்தகை எடுத்தவருக்கு மட்டும் நஷ்டம், ஏனென்றால் அவர் முப்பதுக்குப் பணம் கொடுத்துவிட்டார்.

நீங்கள் படித்தது ஊர் பேசிய பேச்சு, விலையில் இருந்தது குத்தகைக்காரரின் முப்பது. ஷோரூமில் கூட்டம் இருந்ததை நீங்கள் மட்டுமா பார்த்தீர்கள்? நியூயார்க்கில் இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறவர்கள் உங்களுக்கு இரண்டு மாதம் முன்பே அதைப் பார்த்து, கணக்குப் போட்டு, வாங்கி, விலையை ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த ஏறின விலையில்தான் நீங்கள் உள்ளே போனீர்கள்.

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2013 ஜனவரி 23 அன்று ஆப்பிள் காலாண்டு ரிசல்ட் வெளியிட்டது. விற்பனை 5,450 கோடி டாலர், லாபம் 1,310 கோடி டாலர். அதுவரை அந்தக் கம்பெனி ஒரு காலாண்டில் அவ்வளவு விற்றதே கிடையாது. ஐபோன் மட்டும் 4 கோடியே 78 லட்சம். மறுநாள் பங்கு 12 சதவீதம் விழுந்தது. காரணம், சந்தை எதிர்பார்த்தது இன்னும் அதிக ஐபோன். அதோடு விற்பனை ஏறியும் லாபம் முந்தைய வருடம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது, மொத்த லாப விகிதம் (விற்ற பணத்தில் சரக்கின் அடக்கச் செலவு போக நிற்பது) 44.7 சதவீதத்திலிருந்து 38.6க்கு இறங்கியிருந்தது. கூடுதலாகப் பொறுக்கினார்கள், கூலி போகக் கையில் நின்றது அதே பணம்.

அப்புறம் அந்த 2.20 மணி விஷயம். ரிசல்ட் தாள் வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் நிர்வாகிகள் தொலைபேசியில் பேசுவார்கள், ஆய்வாளர்கள் கேள்வி கேட்பார்கள், அடுத்த காலாண்டு எப்படி இருக்கும் என்று அங்கேதான் சொல்வார்கள். பெரும்பாலும் நம் நேரத்துக்கு 2.30. நீங்கள் பத்து நிமிடம் முன்னால் தூங்கிவிட்டீர்கள். அடுத்த குத்தகை பேச வருகிற வியாபாரி களத்தில் காயும் கொட்டையைப் பார்க்க மாட்டார், தளிரில் தேயிலைக் கொசு என்கிற பூச்சி விழுந்திருக்கிறதா என்று மரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார். உங்கள் கம்பெனி அன்றைக்கு மரத்தைப் பற்றி என்ன சொன்னது என்று தேடிப் படியுங்கள்.

(2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது, மறுநாள் காலையில் எங்கள் தோப்பில் எண்ணிப் பார்க்க மரமே இல்லை. அதற்கு மூன்று நாள் முன்புதான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது தனிக் கதை.)

---

கெடிலக்கரை:

ஐயா, தேடிப் பார்த்தேன். அடுத்த காலாண்டில் விற்பனை வளர்ச்சி 'மிதமாக' இருக்கும், கடைகளில் இருக்கும் சரக்கைச் 'சீர்செய்து' வருகிறோம் என்று ஒரு வரி இருக்கிறது. இந்த ஒரு வரிக்கா இவ்வளவு? அதோடு கடைகளில் சரக்கு இருந்தால் நல்லதுதானே, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கலாமே.

---

நேருவீதி_கடை:

அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, சிரிப்பும் வந்தது. புதுச்சேரியில் நேரு வீதியிலிருந்து ஒரு சந்து தள்ளி 19 வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன், அதனால் இதைப் பெட்டிகளின் பக்கத்திலிருந்து சொல்கிறேன், பங்குச் சந்தை எனக்குத் தெரியாது.

கம்பெனி கணக்கில் 'விற்றது' என்றால் உங்கள் வீட்டு மேசைக்கு வந்தது என்று அர்த்தம் இல்லை தம்பி. என் கடைக்கு வந்தது என்றுகூட இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பேருக்குப் பில் போட்டுச் சரக்கு அவர் குடோனுக்குப் போய்விட்டாலே பெரும்பாலும் அது விற்பனைதான். அங்கிருந்து எனக்கு, என்னிடமிருந்து உங்களுக்கு. நடுவில் எத்தனை பெட்டி எத்தனை நாள் தூங்குகிறது என்பது ரிசல்ட்டின் முதல் பத்தியில் வராது.

மார்ச் 27, 28 ஆனால் போதும், டிஸ்ட்ரிபியூட்டர் ஆள் வந்து கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "அண்ணே, இருபது பீஸ் தூக்குங்க, டார்கெட்டுக்கு அவ்வளவுதான் பாக்கி." எனக்கு அந்த மாடல் மாதத்துக்கு ஓடுவதே எட்டு. ஸ்கீம் சொல்வார், 45 நாள் கடன் என்பார், விலை இறங்கினால் வித்தியாசத்துக்குக் கிரெடிட் நோட் (பாக்கியில் கழித்துக்கொள்ளும் சீட்டு) வரும் என்பார், டீ வாங்கிக் கொடுப்பார், கடைசியில் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். ஒரு வருடம் ஆசைப்பட்டு எடுத்துவிட்டேன். எந்த பிராண்ட் என்று கேட்க வேண்டாம், இன்றைக்கும் அவர்களிடம்தான் சரக்கு எடுக்கிறேன். ஏப்ரல் கடைசியில் புது மாடல் வந்தது, பழையதற்குப் பீஸுக்கு மூவாயிரம் இறங்கியது, கிரெடிட் நோட் வந்து சேர ஆறு மாதம் ஆனது, அதுவும் பாதிக்குத்தான். கடையில் இடம் இல்லாமல் மிச்சப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் படிக்கிற மேசைக்குப் பக்கத்தில் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தேன். அவள் அதன்மேல் அட்டவணை ஒட்டிப் பரீட்சைக்குப் படித்தாள்.

அந்த இருபது பீஸும் மார்ச் மாத விற்பனையாக மேலே ஏறியிருக்கும். செய்தியில் 'நல்ல வளர்ச்சி' என்று வந்திருக்கும். ஏப்ரல், மே, ஜூனில் நான் ஒரு பீஸ்கூட எடுக்கவில்லை, எப்படி எடுப்பேன்? என்னைப் போல் ஆயிரம் கடைக்காரர்கள் எடுக்காமல் இருந்தால் அதற்குப் பெயர்தான் கடைகளில் இருக்கும் சரக்கைச் 'சீர்செய்வது'. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க நான்கு பெட்டி போதும். நாற்பது இருந்தால் அது சரக்கு இல்லை, கடன்.

---

பாண்டிப்புயல்:

அப்படியானால் மார்ச் 31 அன்று உங்கள் கடைக்கு வந்தால் எனக்கு மலிவாகக் கிடைக்குமா?

---

நேருவீதி_கடை:

உனக்குக் கிடைக்காது. பழைய பாக்கி 1,200 இருக்கிறது.

---

பேரேடு:

கடைக்காரர் சொன்னதைக் கணக்குப் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீட்டுகிறேன். நான் புதுச்சேரித் தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் 22 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், கடற்கரையும் பிரெஞ்சு வீடுகளும்தான் அவர்களுக்குப் புதுச்சேரி. வரிச் சலுகை இருந்த காலத்தில் இந்தியாவில் விற்ற கம்ப்யூட்டர்களில் கணிசமானவை இங்கே பூட்டித்தான் லாரி ஏறின. எச்.சி.எல். ஆலை இங்கே இருந்தது, ஏசர் வந்தது, ஐ.பி.எம்.மின் பெர்சனல் கம்ப்யூட்டர் பிரிவை 2005ல் லெனோவோ வாங்கிய பிறகு இங்கே லெனோவோ பெட்டிகள் தயாராயின. 2024ல்கூட ஆண்டுக்கு 50,000 ஏ.ஐ. சர்வர் இங்கே செய்யப்போவதாக லெனோவோ அறிவித்தது. ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ரிசல்ட் பேப்பரில் வரும் முன்பே தெரிந்துவிடும். ஓவர்டைம் நின்றுவிட்டால் விஷயம் சரியில்லை, கேண்டீன்காரர் சாம்பாருக்கு எவ்வளவு பருப்புப் போடலாம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

கெடிலக்கரை தம்பி, ரிசல்ட்டில் முதல் பத்தியை விட்டுவிட்டு இருப்புநிலைக் குறிப்புக்கு (பேலன்ஸ் ஷீட்) போங்கள். வரவேண்டிய பாக்கி என்று ஒரு எண் இருக்கும். விற்பனை பத்து சதவீதம் ஏறியிருக்கும்போது பாக்கி முப்பது நாற்பது சதவீதம் ஏறியிருந்தால், பில் போட்டாயிற்று, பணம் வரவில்லை, சரக்கு வழியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பக்கத்திலேயே கம்பெனியின் சொந்தக் கையிருப்பு இருக்கும், ஆனால் கடைக்காரர் மகளின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது அதில் வராது, அது ஏற்கெனவே விற்றாகிவிட்டதே. இப்போதைய கணக்கு விதிகளில் பின்னால் கொடுக்க வேண்டிய தள்ளுபடி, விலைக்குறைப்பு ஈடு இதையெல்லாம் முன்னமே மதிப்பிட்டு விற்பனையில் கழித்துத்தான் காட்ட வேண்டும். மதிப்பீடு மதிப்பீடுதான், எத்தனை நேர்மையாகப் போட்டாலும் தப்பலாம்.

எவ்வளவு தப்பலாம் என்பதற்கு 2000ஆம் வருடத்து ஆப்பிளைப் பாருங்கள், பாடப் புத்தகத்தில் வைக்க வேண்டியது. செப்டம்பர் 28 அன்று சந்தை மூடிய பிறகு, இந்தக் காலாண்டு நினைத்தபடி போகவில்லை என்று கம்பெனி முன்னெச்சரிக்கை கொடுத்தது. பள்ளி கல்லூரி விற்பனை மந்தம், அப்போது புதிதாக வந்திருந்த அழகான க்யூப் கம்ப்யூட்டரும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. மறுநாள் ஒரே நாளில் பங்கு 53.50 டாலரிலிருந்து 25.75க்கு வந்தது. பாதிக்கு மேல் போயிற்று! விற்பனையாளர்களிடம் தேங்கிய சரக்கைக் கரைக்க வேண்டியிருந்ததால் அடுத்த டிசம்பர் காலாண்டில் விற்பனை 100 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கி, நஷ்டம் 19.5 கோடி டாலர் வந்தது. வெள்ளிக்கிழமை விழுந்த பங்கைப் பார்த்து அன்றைக்கு யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த வருடம் மே 19 அன்று அவர்கள் முதல் இரண்டு சொந்தக் கடைகளைத் திறந்தார்கள், ஒன்று வர்ஜீனியாவில், ஒன்று கலிபோர்னியாவில். சொந்தக் கடையில் பில் போட்டால் அன்றைக்கே பெட்டி வாடிக்கையாளர் கையில் இருக்கிறது, நடுவில் யாருடைய குடோனும் இல்லை. அதனால் கடை விற்பனை என்பது மற்ற எண்களைவிடச் சுத்தமான எண் என்று நான் நினைக்கிறேன், நீங்கள் அதைப் பார்த்து மகிழ்ந்ததில் தப்பில்லை. ஆனால் அதிலும் ஒரு இடம் இருக்கிறது பாருங்கள். முந்திரிக்காடு ஐயா சொன்ன அதே 2013 ஜனவரி ரிசல்ட்டில் ஆப்பிளின் கடை விற்பனை 610 கோடி டாலரிலிருந்து 640 கோடியாக ஏறியிருந்தது. கேட்க நன்றாக இருக்கிறதா? ஒரு கடைக்குச் சராசரி என்று பார்த்தால் 1.71 கோடி டாலர் 1.63 கோடியாக இறங்கியிருந்தது. கடைகளின் எண்ணிக்கை கூடியதால் மொத்தம் கூடியது. உங்கள் கம்பெனி 'இதுவரை இல்லாத அளவு' என்றபோது கடைகள் எத்தனை கூடின என்று பக்கத்தில் போட்டிருந்ததா?

---

கெடிலக்கரை:

அக்கா, கடைகள் எத்தனை என்று தேடினேன், ஆண்டறிக்கையில்தான் இருக்கிறது, அதுவும் வருடத்துக்கு ஒரு முறை. பாக்கி ஏறியிருப்பது உண்மை, விற்பனையைவிட வேகமாகத்தான் ஏறியிருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்ன அளவுக்கு இல்லை. எத்தனை பீஸ் விற்றது என்று எங்குமே காணோம், டாலர் மட்டும்தான். இதை ஒளிக்கிறார்களா?

---

முந்திரிக்காடு:

எண்ணிக்கை சொல்வதைப் பலர் நிறுத்திவிட்டார்கள். ஆப்பிள் 2018 நவம்பர் 1 அன்று, இனி ஐபோன், ஐபேட், மேக் எத்தனை விற்றது என்று சொல்லமாட்டோம் என்றது. மறுநாள் பங்கு ஆறரை சதவீதத்துக்கு மேல் இறங்கியது. ரிசல்ட் அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மூட்டையை எண்ணாதே, காசை மட்டும் பார் என்று குத்தகைக்காரரிடம் சொன்னால் அவருக்கு என்ன தோன்றும்? இரண்டே மாதத்தில், 2019 ஜனவரி 2 அன்று, அப்போது ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக் முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார். 8,900 முதல் 9,300 கோடி டாலர் விற்போம் என்று சொன்னது 8,400 கோடியாகத்தான் இருக்கும், முக்கியமாகச் சீனாவில் மந்தம் என்று. அதற்கும் மறுநாள் 10 சதவீதம் போயிற்று.

ஐ.டி.சி., கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை எத்தனை கம்ப்யூட்டர் என்று சொல்வார்களே, அதையும் பார்க்கலாம். ஆனால் அதுவும் அனுப்பிய பெட்டிகளின் கணக்குதான், கடைக்காரரின் கூரை வரை அடுக்கியதும் அதில் சேர்த்தி.

---

காளைமாடு:

எல்லாரும் ஏன் தம்பியைப் பயமுறுத்துகிறீர்கள்? பேரேடு அக்கா சொன்ன அதே 2000 செப்டம்பரில், 25.75க்கு விழுந்த அன்று ஒரே ஒரு பங்கு வாங்கி மறந்திருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும்? 2005ல் ஆப்பிள் பங்கு ஒன்று இரண்டாக உடைந்தது, 2014ல் ஏழாக, 2020ல் நான்காக. ஒரு பங்கு 56 பங்கு! கண்ணை மூடிக்கொண்டு வைத்திருங்கள். முடிந்தால் இன்னொரு 80,000 போடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் இனி உலகம் இல்லை.

---

பேரேடு:

கம்ப்யூட்டர் இல்லாமல் உலகம் இல்லை என்பது சரி. எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்?

கேட்வே என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி இருந்தது, பசுமாட்டுப் புள்ளி போட்ட அட்டைப்பெட்டி. ஆப்பிளுக்கு முன்பே சொந்தக் கடைகள் வைத்தவர்கள் அவர்கள். கடையில் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தால் வீட்டுக்கு வரும், கையில் எடுத்துப் போகச் சரக்கு இருக்காது. 2004 ஏப்ரலில் மிச்சமிருந்த 188 கடைகளையும் மொத்தமாக மூடினார்கள், சுமார் 2,500 பேருக்கு வேலை போயிற்று. 2007ல் ஏசர் அந்தக் கம்பெனியையே வாங்கியபோது ஒரு பங்குக்குக் கொடுத்தது 1.90 டாலர். 1999ல் அது உச்சத்தில் இருந்தபோது வாங்கி, உங்களைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு வைத்திருந்தவர்களும் இருப்பார்கள், அவர்கள் யாரும் இப்படி வந்து எழுதுவதில்லை. நம் ஊரிலேயே பிஸிபீ, பீன்ஸ்டாக் என்று எத்தனை வீட்டில் எச்.சி.எல். பெட்டி இருந்தது. அவர்களும் கம்ப்யூட்டர் தயாரிப்பையே விட்டுவிட்டார்கள், ஆலை வாசலில் டீக்கடை வைத்திருந்தவர்களுக்குத்தான் அது முதலில் தெரிந்திருக்கும்.

விழுந்ததாலேயே அது மலிவு ஆகிவிடாது, விழுந்ததாலேயே கெட்டுப்போனதும் ஆகாது. 2011 ஆகஸ்டில் எச்.பி. தன் கம்ப்யூட்டர் பிரிவையே பிரித்துவிடலாமா என்று யோசிக்கிறோம் என்றது, மறுநாள் 20 சதவீதம் விழுந்தது. பிறகு தலைமை அதிகாரியை மாற்றி, அந்த யோசனையையும் கைவிட்டார்கள். அவர்களுடைய பிரச்சினை வேறு, உங்கள் கம்பெனி பிரச்சினை வேறு.

---

காளைமாடு:

அக்கா, எனக்கு வாயடைத்துவிட்டது. இருந்தாலும் நான் விற்க மாட்டேன்.

---

உப்பளம்:

நடுவில் ஒரு வரி விஷயம், யாரும் சொல்லவில்லை. கெடிலக்கரை, நீங்கள் சம்பளக்காரர் என்றால் வழக்கமாக ஐ.டி.ஆர். 1 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்வீர்கள். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தப் படிவம் செல்லாது, ஐ.டி.ஆர். 2க்குப் போக வேண்டும், அதில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்.ஏ. பட்டியலை நிரப்ப வேண்டும். அந்தப் பட்டியலுக்கு ஏப்ரல் மார்ச் கணக்கு கிடையாது, ஜனவரி முதல் டிசம்பர் வரை. விற்காவிட்டாலும் காட்ட வேண்டும், நஷ்டத்தில் இருந்தாலும் காட்ட வேண்டும். டிவிடெண்ட் வந்தால் அங்கேயே 25 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள், இங்கே வரி கட்டும்போது அதைக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. 24 மாதம் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வரி. லாபம் வந்தால்தானே என்கிறீர்களா, சரி.

---

கெடிலக்கரை:

ஐ.டி.ஆர். 2 பற்றி எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நல்லவேளை சொன்னீர்கள். பாதியை விற்றுவிட்டேன். விற்ற பிறகு ஒரு ரூபாய் ஏறினால்கூட வயிறு எரியும் என்று நினைத்தேன், இரண்டு நாளாக ஏறத்தான் செய்கிறது, ஆனால் பரவாயில்லை. மீதியை அடுத்த ரிசல்ட் வரை வைத்துப் பார்க்கிறேன். இந்த முறை 2.30 வரை விழித்திருப்பேன்.

கடைக்காரர் அண்ணே, விற்ற பணத்தில் பையனுக்கு லேப்டாப் எடுத்துவிடலாம் என்று வீட்டில் உத்தரவு. உங்கள் கடைக்கு எப்போது வரலாம்?

---

நேருவீதி_கடை:

அவசரம் இல்லையென்றால் செப்டம்பர் 28க்கு மேல் வாருங்கள், காரணம் உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சண்டே மார்க்கெட் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்கே வருவதற்குள் பொழுது போய்விடும்.

---

கெடிலக்கரை:

நேற்று, 29ஆம் தேதி, போய் வந்தோம். கேட்பதற்கு முன்பே அண்ணன் நாலாயிரம் குறைத்துப் பில் போட்டார், பையனுக்குப் பையும் மவுஸும் கொடுத்தார். நாங்கள் இருக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் ஆள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், டீ எங்களுக்கும் வந்தது.

கூரை முட்ட அடுக்கியிருந்த பெட்டிகளை நைசாக எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 31. அதில் நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனிப் பெட்டி ஒன்றே ஒன்று, அதற்கும் யாரோ முன்பணம் கொடுத்திருக்கிறார்களாம். அப்படியானால் தேங்கிய சரக்கு கரைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? பேரேடு அக்கா, விற்ற பாதியைத் திரும்ப வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

---

பேரேடு:

போன முறையும் ஒரு கடையைப் பார்த்துவிட்டுத்தானே தம்பி வாங்கினீர்கள்?